கல் சொல்வதும் கல்கி சொல்வதும்

சில ஆண்டுகளுக்கு முன் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் வரலாற்று விடைத்தாளைக் கொண்டுவந்து என் மேசைமீது வைத்தான். பல்லவர் காலத்தில் உறையூரை ஆண்டவன் பார்த்திப சோழன் என்று அவன் எழுதியிருந்தான். அதன்மேல் சிவப்பு மையால் குறுக்குக்கோடு கிழிக்கப்பட்டிருந்தது. “ஃபாதர், நீங்கள் படித்துக் காட்டியதுதானே இது? அப்படியானால் அது பொய்யா?” என்று வினவினான். திருத்திய ஆசிரியர்மீது குற்றமில்லை. பிழை என்னுடையதே.

மாங்காட்டில் ஆறு முதல் எட்டு வரை பயிலும் பிள்ளைகளுக்கு மாலை வேளைகளில் கல்கியின் ‘பார்த்திபன் கனவு’ நாவலை வாசித்துக் காட்டி வந்தேன். 1941-இல் தொடங்கிய கல்கி இதழில் தொடர்கதையாக வெளிவந்த நாவல் அது. ‘பொன்னியின் செல்வ’னின் ஐந்து பாகங்கள் இவ்வயதினருக்குப் பெருஞ்சுமை, இதுவோ மூன்றே பாகங்கள். படகோட்டி பொன்னனும் வள்ளியும் வாய் திறந்தவுடன் பிள்ளைகள் அசையாமல் அமர்ந்துவிடுவார்கள். கடின சொற்களைக் கரும்பலகையில் எழுதிப் பொருள் சொல்வேன். ‘கப்பம்’ என்ற சொல்லுக்கு ஒருவன், “மாமூலா, ஃபாதர்?” என்றான். அகராதி இதைவிடச் சிறப்பாகச் சொல்லியிராது!

இவற்றையெல்லாம் செய்தேன்; இன்றியமையாத ஒன்றைமட்டும் செய்யவில்லை. நரசிம்மவர்மன் வரலாற்றில் வாழ்ந்த மன்னன் என்பதையும், பார்த்திபனும் விக்கிரமனும் கல்கியின் கற்பனையில் பிறந்தவர்கள் என்பதையும் நான் பிரித்துக் காட்டவில்லை. பெரியவர்கள் இதைத் தாமே உய்த்துணர்வர். பன்னிரண்டு வயதுப் பிள்ளையோ, நாம் உருக்கமாகச் சொல்வதனைத்தையும் உண்மையென்று நம்பிவிடுகிறது. அந்த நம்பிக்கையை ஒருமுறை உடைத்துவிட்டால், பிறகு மெய்யான வரலாற்றைச் சொன்னாலும் ஐயுறும்.

மறு ஆண்டு குறிப்பேட்டின் பக்கத்தை இரண்டாகப் பிரிக்கச் சொன்னேன். ஒரு பக்கத்துக்குக் ‘கல் சொல்வது’ என்றும், மறுபக்கத்துக்குக் ‘கல்கி சொல்வது’ என்றும் பிள்ளைகளே பெயரிட்டனர். 642-ஆம் ஆண்டையொட்டிப் பல்லவர் வாதாபியைக் கைப்பற்றியது முதற் பக்கத்தில் இடம்பெற்றது. நரசிம்மவர்மனின் கல்வெட்டு அந்நகரிலேயே உள்ளதல்லவா? அப்போரில் படை நடத்திய பரஞ்சோதியே சிறுத்தொண்டர் என்பதற்குப் பெரியபுராணம் சான்று. அதைப் பாடிய சேக்கிழார் பிறந்த குன்றத்தூர் நமக்கு அண்டை ஊர்தான். “அவர் கல் பக்கமா, கல்கி பக்கமா?” என்று ஒரு சிறுமி கேட்டாள். போர் நடந்து ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின், பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாடியவராயிற்றே! நெடுநேரம் வாதிட்டு, இரண்டுக்கும் நடுவேயிருந்த கோட்டின்மேல் அவர் பெயரை எழுதினார்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

குன்றத்தூர் வழியே பம்மலைக் கடந்து பல்லாவரத்துக்கும் அழைத்துச் சென்றேன். அங்கே நரசிம்மவர்மனின் தந்தை மகேந்திரவர்மன் குடைவித்த குகை இன்று தர்காவாக விளங்குகிறது. அங்குள்ளோரின் இசைவு பெற்று, காலணிகளைக் களைந்துவிட்டு உள்ளே சென்றோம். அம்மன்னனின் பட்டப்பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டிருப்பதைப் பற்றிச் சொன்னதும், வழக்கமாக வாய் ஓயாத பையன்களும் அமைதியானார்கள்.

கதையின் முடிவில் நரசிம்மவர்மனே விக்கிரமனுக்குச் சுதந்திரச் சோழ நாட்டை அளிக்கிறான். வரலாறு அவ்வளவு இரக்கமுடையதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் விசயாலயன் தஞ்சையைக் கைப்பற்றும்வரை சோழர் சிற்றரசர்களாகவே ஒடுங்கியிருந்தனர். இதைச் சொன்னால் பிள்ளைகள் கதையையே வெறுத்துவிடுவார்களோ என்று அஞ்சினேன். அவ்வாறு நேரவில்லை. கல்கி ஏன் அப்படி மாற்றினார் என்பதே அன்றைய பேச்சாயிற்று. “வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் எழுதியதல்லவா, அதனால்தான்” என்றான் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன். நான் சொல்லிக்கொடுக்காத விடை அது.

குறிப்பேடுகளைத் திருத்தியபோது, ஒரு சிறுமி பார்த்திபனுக்கு எதிரே எழுதியிருந்ததைக் கண்டேன்: “கல் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் அவர் போர்க்களத்தில் இறந்தபோது அழுதேன்.” அதில் சிவப்பு மையைத் தொட எனக்கு மனம் வரவில்லை.

விடைத்தாளுடன் வந்த மாணவன் இப்போது பத்தாம் வகுப்பில் பயில்கிறான். தேர்வு நெருங்கியும் சனிக்கிழமை மாலைகளில் வந்து, சிறியவர்களுக்கு இரண்டாம் பாகத்தை வாசித்துக் காட்டுகிறான். ஒவ்வொரு புதிய பெயர் வரும்போதும் நிறுத்தி, “இவர் எந்தப் பக்கம்?” என்று கேட்கிறான்.