மூலம்தானே என்று விட்டுவிடலாமா? குடலுக்குள் துப்பறியும் கம்ப்யூட்டர்!

தமிழ்நாட்டில் எந்த ஊர் பேருந்து நிலையத்துக்குப் போனாலும் ஒரு போஸ்டர் கண்ணில் படும். 'மூலம், பௌத்திரம்... ஆபரேஷன் இல்லாமல் குணம்!' திருவண்ணாமலையும் விதிவிலக்கு அல்ல. பௌர்ணமி தவறாமல் 14 கிலோமீட்டர் கிரிவலம் வரும் திடமான ஆள்கூட, மலத்தில் ரத்தம் வந்தால் வீட்டில் சொல்லக் கூச்சப்பட்டு, அந்த போஸ்டர் நம்பரை ரகசியமாகக் குறித்துக்கொள்வது உண்டு.

பெரும்பாலும் அது மூலமாகத்தான் இருக்கும். ஆனால், பெருங்குடல் புற்றுநோயும் இதே அறிகுறியோடுதான் வரும். வெளியிலிருந்து பார்த்து எது எது என்று யாராலும் சொல்ல முடியாது.

2022-ல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 19 லட்சம் பேருக்குப் புதிதாக இந்தப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சுமார் 9 லட்சம் பேர் இறந்தார்கள். 'பிளாக் பாந்தர்' நாயகன் சாட்விக் போஸ்மேன் 2020-ல் இறந்ததும் இதனால்தான். அப்போது அவருக்கு வயது 43.

இத்தனைக்கும் இது அவகாசம் தரும் நோய். குடலின் உட்சுவரில் 'பாலிப்' என்ற சின்னஞ்சிறு சதை வளர்ச்சியாகத்தான் பெரும்பாலும் தொடங்குகிறது. எல்லா பாலிப்பும் புற்றுநோயாக மாறாது. மாறுபவைக்கும் பெரும்பாலும் பத்து வருடங்கள் வரை ஆகும். அதற்குள் கண்டுபிடித்து வெட்டி எடுத்துவிட்டால், அந்த இடத்தில் புற்றுநோய் வரவே வராது.

கண்டுபிடிப்பதுதான் சிக்கல். பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளம். உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும். மடிப்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் மிளகு சைஸ் பாலிப்பை, அனுபவமுள்ள டாக்டரின் கண்ணும் தவறவிடலாம். இங்கேதான் கம்ப்யூட்டர் வருகிறது.

ஸ்கேன் படத்தில் தேடுதல்

வயிற்றை சி.டி. ஸ்கேன் எடுத்து, அந்தப் படங்களை அடுக்கி, குடலுக்குள் பறந்து போவதுபோல முப்பரிமாணத்தில் பார்க்கும் முறை 1994-ல் அமெரிக்காவில் அறிமுகமானது. பெயர், விர்ச்சுவல் கொலனோஸ்கோப்பி. ஒரே நோயாளிக்கு நூற்றுக்கணக்கான படங்கள் வரும். பார்க்கும் டாக்டருக்குக் கண் அசந்துவிடும் இல்லையா? அதனால், சந்தேகமான இடங்களை முன்கூட்டியே குறித்துக் கொடுக்கும் மென்பொருளை உருவாக்கினார்கள்.

அது செய்யும் வேலை புரிந்துகொள்ள எளிதானது. குடல் மடிப்பு வரப்பு மாதிரி நீளமாக இருக்கும். பாலிப் கொப்புளம் மாதிரி உருண்டையாக இருக்கும். குடல் சுவரின் வளைவை அங்குலம் அங்குலமாக அளந்து, கொப்புளம் மாதிரி தெரியும் இடத்தில் எல்லாம் கம்ப்யூட்டர் ஒரு குறி போடும்.

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ரொனால்ட் சம்மர்ஸ் குழு, 1,186 பேரின் ஸ்கேன்களில் இதைச் சோதித்து 2005-ல் முடிவை வெளியிட்டது. ஒரு சென்டிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள, புற்றுநோயாக மாறக்கூடிய பாலிப்களில் சுமார் 89 சதவிகிதத்தைக் கம்ப்யூட்டர் பிடித்தது. கூடவே, ஒரு நபருக்குச் சராசரியாக இரண்டு இடங்களில் பொய்யாகவும் குறி போட்டது. ஒட்டியிருக்கும் மலத் துணுக்குகூட அதன் கண்ணுக்கு பாலிப்தான்! எனவே, இறுதித் தீர்ப்பு டாக்டருடையதே. ஸ்கேனால் பாலிப்பை அகற்றவும் முடியாது. அதற்கு கேமரா குழாயை உள்ளே செலுத்தும் கொலனோஸ்கோப்பிதான் வழி.

பச்சைக் கட்டம்

இப்போது கொலனோஸ்கோப்பியிலேயே ஏ.ஐ. வந்துவிட்டது. குழாய் உள்ளே நகரும்போதே, பாலிப் போலத் தெரியும் இடத்தைச் சுற்றித் திரையில் ஒரு கட்டம் பளிச்சிடும். ஜிஐ ஜீனியஸ் என்ற கருவிக்கு 2021 ஏப்ரலில் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. அதில் பச்சைக் கட்டம். சீனாவில் 1,058 பேரிடம் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், இதுபோன்ற ஏ.ஐ. உதவி இல்லாதபோது 100-க்கு 20 பேரிடம் ஆபத்தான வகை பாலிப் சிக்கியது. உதவியோடு 29 பேரிடம். கூடுதலாகச் சிக்கியவற்றில் பெரும்பாலானவை மிகச் சிறியவை.

இன்னொரு பக்கமும் உண்டு. போலந்தில் ஏ.ஐ.யோடு வேலை பார்த்துப் பழகிய டாக்டர்கள், அது இல்லாமல் பரிசோதனை செய்தபோது எப்படி இருந்தது என்று பார்த்தார்கள். முன்பு 28.4 சதவிகிதம் பேரிடம் பாலிப் கண்டவர்கள், 22.4 சதவிகிதமாகச் சறுக்கியிருந்தார்கள். 2025-ல் வெளியான இந்த முடிவு மருத்துவ உலகில் பெரிய விவாதமானது. கால்குலேட்டர் வந்த பிறகு வாய்ப்பாடு மறந்த கதைதான்!

திருவண்ணாமலைக்கு எப்போது?

நம் நாட்டின் அரசுப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கர்ப்பப்பைவாய் புற்றுநோய்களைத்தான் தேடுகிறது. பெருங்குடல் அந்தப் பட்டியலில் இல்லை. ஏ.ஐ. கருவிகள் பெருநகரங்களின் பெரிய மருத்துவமனைகளோடு நிற்கின்றன. ஆனால், கருவி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சாதாரண கொலனோஸ்கோப்பியே பெரும்பாலான பாலிப்களைப் பிடித்துவிடும். திருவண்ணாமலையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே போய் விவரம் சொன்னால், அடுத்து என்ன பரிசோதனை, எங்கே செய்வது என்று டாக்டரே வழிகாட்டுவார். மேல்சிகிச்சை தேவைப்பட்டால் வேலூர் சி.எம்.சி. சுமார் 80 கிலோமீட்டர் தூரம்தான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையும் அடங்கும்.

கவனிக்க வேண்டியது ரத்தத்தை மட்டுமல்ல. மலம் கழிக்கும் வழக்கம் சில வாரங்களாக மாறியிருப்பது, காரணமின்றி எடை குறைவது, ரத்தசோகை எல்லாமே அறிகுறிகள்தான். குடலின் வலப்பக்கக் கட்டியிலிருந்து ரத்தம் கண்ணுக்குத் தெரியாமல் கசியும். மாதாமாதம் நிருதி லிங்கம்வரை நிற்காமல் நடந்தவர், இந்த மாதம் அக்னி லிங்கத்திலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்தால், 'வயசாயிடுச்சு' என்று சமாதானம் சொல்லாமல் ஹீமோகுளோபின் அளவைப் பார்க்க வேண்டும்.

அப்பா, அம்மா, உடன்பிறந்தவர் யாருக்காவது இந்தப் புற்றுநோய் இருந்தால், அறிகுறியே இல்லாவிட்டாலும் 40 வயதில் கொலனோஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டும். அல்லது அவர்களுக்கு நோய் தெரியவந்த வயதுக்குப் பத்து வருடம் முன்பு. இதில் எது முதலில் வருகிறதோ, அது. அப்பாவுக்கு 45 வயதில் என்றால், பிள்ளைகளுக்கு 35-ல்.