பழைய வெஸ்பாவும் வீட்டுப் பட்டறையும்



சின்னஞ்சிறு சக்கரங்கள், முன்னால் காலை மறைக்கும் அகன்ற தகடு, பின்னால் இரண்டு பக்கமும் உப்பிய வயிறு. இந்த உருவத்தைப் புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்தில் பார்க்காதவர் இருக்க மாட்டார். வெஸ்பா ஸ்கூட்டரைத்தான் சொல்கிறேன். தாத்தா ஓட்டிய வண்டி, அஞ்சடியின் மூலையில் சாக்கு போர்த்தியபடி நிற்கும் வீடுகளும் உண்டு. அதை மீண்டும் ஓட வைக்கப் பேரப்பிள்ளைகளுக்கு ஆசை. ஆசை நல்லதுதான். ஆனால் இளைஞர் பலர் முதலில் கை வைப்பது எஞ்சினின் வேகத்தைக் கூட்டுவதில். வரிசை அங்கேதான் தலைகீழாகிறது. எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசிக்கு விடுவது என்பதை இன்று தெரிந்துகொள்வோம்.

வெஸ்பா இத்தாலி நாட்டு வண்டி. 1946ஆம் ஆண்டில் பியாஜியோ நிறுவனம் இதனை வெளியிட்டது. வெஸ்பா என்ற இத்தாலியச் சொல்லுக்குக் குளவி என்று பொருள். இதை வடிவமைத்த கொர்ராதினோ தாஸ்கானியோ ஒரு விமானப் பொறியாளர். சாதாரண மோட்டார் சைக்கிளில் இரும்புக் குழாய்களால் ஆன சட்டம் ஒன்று இருக்கும். மற்றவை அதன்மேல் பூட்டப்படும். தாஸ்கானியோ அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டார். விமானத்தைப் போல, வளைத்த தகட்டினாலான உடலே எடையைத் தாங்கும்படி செய்தார். அதே காலத்து இன்னோர் இத்தாலிய வண்டியான லாம்பிரெட்டாவில் உள்ளே குழாய்ச் சட்டம் உண்டு. வெஸ்பாவில் தோலும் எலும்பும் ஒன்றே.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் என்ன? மோட்டார் சைக்கிளின் மட்கார்டு துருப்பிடித்தால் அது அழகுக் குறைவு. வெஸ்பாவின் மிதிதளம் துருப்பிடித்தால் அது எலும்பு முறிவு. நம் நாட்டு மழையும் செம்மண் சடக்கின் சேறும் அந்தத் தளத்தின் அடியில்தான் தங்குகின்றன. ஆகவே முதல் வேலை, வண்டியைச் சாய்த்து அடிப்பாகத்தைக் கழுவி, கம்பித் தூரிகையால் சுரண்டிப் பார்ப்பது. ஓட்டை இருந்தால் புட்டி பூசி வண்ணம் அடித்து மறைக்கக் கூடாது. கெட்ட தகட்டை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து, தெரிந்தவரிடம் பற்றவைக்க வேண்டும். அழகுக்காக உடலை வெட்டிக் குறைப்பதும் ஆகாது.

இரண்டாவது, சக்கரம். வெஸ்பாவின் சக்கர விளிம்பு இரண்டு பாதிகளாக வருவது. அதில் இரண்டு தொகுதி நட்டுகள் உள்ளன. ஒன்று சக்கரத்தைப் பிரேக் டிரம்மோடு பிணைப்பது. மற்றொன்று இரண்டு பாதிகளையும் ஒன்றாகப் பிணைப்பது. டியூபில் காற்று இருக்கும்போது இரண்டாவது தொகுதியை அவிழ்த்தால் விளிம்பு வெடித்துப் பிரியும். முகத்திலோ கையிலோ பாயும். வால்வின் உள் ஊசியைக் கழற்றி, காற்று முழுவதும் போன பிறகே அந்த நட்டுகளைத் தொட வேண்டும். உதவிக்கு நிற்கும் பிள்ளைகளுக்கும் இதை முதலில் சொல்லி வையுங்கள்.

மூன்றாவது, பிரேக். பின்சக்கரம் எஞ்சினோடு நேரே இணைந்திருக்கிறது. அங்குள்ள எண்ணெய்த் தடுப்பு வளையம் தேய்ந்தால் கியர் எண்ணெய் கசிந்து பிரேக் கட்டைகளை நனைத்துவிடும். நனைந்த கட்டையைத் தேய்த்துப் பயன்படுத்த வேண்டாம். வளையத்தையும் கட்டையையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய கட்டைகளில் கல்நார் கலந்திருக்கலாம். அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு. வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். கம்பிகளையும் பாருங்கள். ஓர் இழை அறுந்திருந்தாலும் புதியது போட வேண்டும்.

இப்போது எஞ்சினுக்கு வருவோம். பழைய வெஸ்பாவில் உள்ளது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். பெட்ரோலோடு கலந்து வரும் எண்ணெய்தான் அதன் உள்பாகங்களுக்கு வழவழப்பைத் தருகிறது. 1960களின் வண்டிகள் பலவற்றுக்கு 2 விழுக்காடு எண்ணெய் போதும். அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லிலிட்டர். 5 லிட்டருக்கு 100 மில்லிலிட்டர். மிகப் பழைய வகைகளுக்கு 5 விழுக்காடு தேவை. 1977இல் வந்த பி வரிசை வண்டிகள் சிலவற்றில் எண்ணெய்க்குத் தனித்தொட்டியே உண்டு. உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்து கலக்குங்கள். பாட்டில் மூடியால் குத்துமதிப்பாக ஊற்ற வேண்டாம். எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் சூடேறி இறுகும். ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். அப்படி நேர்ந்தால் உடனே கிளச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும்.

வண்டி கிளம்பவில்லையா? பதறாத காரியம் சிதறாது. பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பாருங்கள். காய்ந்த மண்பானை நிறமாக இருந்தால் எரிதல் சரி. கறுத்து நனைந்திருந்தால் பெட்ரோலோ எண்ணெயோ மிகுதி. வெளுத்திருந்தால் காற்று மிகுதி, சூடு ஏறுகிறது. பிளக்கின் இடைவெளி 0.6 மில்லிமீட்டர் அளவில் இருக்கட்டும். குளிர்ந்திருக்கும்போது கிளம்பி, சூடானதும் நின்றுபோனால் கண்டென்சரைச் சந்தேகியுங்கள். வெள்ளைப் புகை மிகுந்து, கியர் எண்ணெயும் குறைந்துகொண்டே வந்தால் கிளச் பக்கத்துத் தடுப்பு வளையம் தேய்ந்திருக்கலாம். அந்தக் கியர்ப் பெட்டிக்கு வேண்டிய எண்ணெய் சுமார் 250 மில்லிலிட்டர்தான். சிறிது போனாலும் பாதிக்கும். காற்றாடியைச் சுற்றியுள்ள தகட்டு மூடியைத் தேவையற்றது என்று கழற்றி எறிகிறவர்கள் உண்டு. எஞ்சினைக் குளிர்விக்கும் காற்றை அந்த மூடிதான் சிலிண்டருக்குத் திருப்பி விடுகிறது.

உதிரிப் பாகங்களுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். இந்தியாவில் பஜாஜ் நிறுவனம் 1960களின் தொடக்கம் முதல் 1971 வரை பியாஜியோவின் உரிமம் பெற்று வெஸ்பா செய்தது. பின்னர் அதே சாயலில் சேத்தக் வண்டியை வெளியிட்டது. ஆகையால் இந்தியப் பாகங்கள் பல, பழைய வெஸ்பாவுக்கும் பொருந்தும். ஆனால் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதெல்லாம் அளவில் ஒன்றல்ல. பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவதே சிக்கனம்.

இவ்வளவும் முடிந்த பிறகே மாற்றம் செய்வதைப் பற்றிப் பேச வேண்டும். முதலில் செய்யத்தக்க மாற்றம் வெளிச்சம். பழைய 6 வோல்ட் விளக்கு, எஞ்சின் மெதுவாக ஓடும்போது மங்கிவிடும். செம்பனைக்கு நடுவே இருட்டுச் சடக்கில் வருகிறவருக்கு அது போதாது. 12 வோல்ட் மின்னணு முறைக்கு மாற்றினால் விளக்கும் பிரகாசிக்கும், தீப்பொறியும் சீராக வரும். பல்புகளையும் ஹாரனையும் அதற்கேற்ப மாற்ற மறக்கக் கூடாது.

பெரிய சிலிண்டர் போடுவதோ கடைசி வேலை. அதற்குத் தக்கபடி கார்புரேட்டர் ஜெட்டையும் மாற்றாவிட்டால் பிஸ்டன் இறுகும். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. அந்தச் சிறிய டிரம் பிரேக் அதற்கு ஈடு கொடுக்குமா? எஞ்சினை மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையில் அனுமதி பெற்றுப் பதிய வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். பதியாத மாற்றம், விபத்து நேர்ந்தால் காப்புறுதிப் பணம் கேட்கும்போது இடையூறாக வரக்கூடும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பாகங்களைப் பெட்ரோலில் கழுவுவது பலரின் வழக்கம். பெட்ரோல் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு தவழ்ந்து போகும். அடுப்போ சாமி விளக்கோ எரிகிற இடத்துக்கு அருகில் அந்த வேலை வேண்டவே வேண்டாம். லயன் வீட்டில் ஒரு பொறி, ஒரு குடும்பத்தோடு நிற்பதில்லை.

உடல், சக்கரம், பிரேக், எஞ்சின், விளக்கு, கடைசியில் வேகம். இந்த வரிசையை வண்டி நிற்கும் சுவரில் எழுதி வையுங்கள். பின்னிருக்கையில் உட்கார்ந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு, அப்பாவின் வண்டி எவ்வளவு வேகமாக ஓடும் என்பது முக்கியமல்ல. நிறுத்த வேண்டிய இடத்தில் நிற்குமா என்பதே முக்கியம்.