மின்னல் குறி தெரிகிறதா? ராஸ்பெர்ரி பை போர்டைத் தூக்கி எறியும் முன் கேபிளைப் பாருங்கள்!

உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு பச்சை நிற போர்டு. ஆனால், அது ஒரு முழு கம்ப்யூட்டர்! பிள்ளைகள் குறைந்த செலவில் புரோகிராமிங் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தில், பிரிட்டனில் 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்தது 'ராஸ்பெர்ரி பை'. பள்ளி அறிவியல் கண்காட்சி புராஜெக்ட், வீட்டு வாசல் கேமரா, குடும்ப போட்டோக்களைச் சேமிக்கும் சர்வர் என்று இன்று இது செய்யாத வேலை இல்லை.

இதை வாங்கியவர்கள் அடிக்கடி சந்திக்கும் தலைவலி ஒன்று உண்டு. முந்தைய நாள் இரவு வரை ஒழுங்காக ஓடிய புராஜெக்ட், கண்காட்சி அன்று காலை கேமராவை இணைத்ததும் தானாக ரீஸ்டார்ட் ஆகும். வைஃபை விட்டு விட்டு வரும். ஹார்டு டிஸ்க் காணாமல் போகும். 'போர்டு போயிடுச்சு' என்று புதிதாக ஒன்று வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். பல நேரங்களில் போர்டில் ஒரு குறையும் இருக்காது. அதற்குப் போதிய மின்சாரம் கிடைத்திருக்காது, அவ்வளவுதான்!

எவ்வளவு மின்சாரம் வேண்டும்?

ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பை 3-க்கு 2.5 ஆம்பியர் அடாப்டர் பரிந்துரைக்கப்படுகிறது. 2019-ல் வந்த பை 4-க்கு 3 ஆம்பியர். 2023-ல் வந்த பை 5-க்கு 5 ஆம்பியர். மூன்றுக்குமே மின்னழுத்தம் 5.1 வோல்ட். அது என்ன 0.1 வோல்ட் கூடுதல்? கேபிளில் வழியிலேயே கொஞ்சம் வீணாகும் என்பதால் முன்கூட்டியே சேர்த்துக் கொடுப்பது.

'என் போன் சார்ஜர் 65 வாட். அது போதாதா?' என்று கேட்கலாம். போன், லேப்டாப் சார்ஜர்கள் 9 வோல்ட், 20 வோல்ட் என்று அழுத்தத்தை ஏற்றித்தான் அத்தனை வாட் கொடுக்கின்றன. பை கேட்பதோ 5 வோல்ட். அந்த அளவில் பெரும்பாலான சார்ஜர்கள் 3 ஆம்பியரைத் தாண்டுவதில்லை. அப்படிப்பட்ட சார்ஜரில் பை 5 இயங்கும்; ஆனால், யு.எஸ்.பி போர்ட்டுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 0.6 ஆம்பியர்தான் கொடுக்கும். சரியான அடாப்டர் இருந்தால் 1.6 ஆம்பியர் வரை கிடைக்கும். ஹார்டு டிஸ்க் திணறுவதன் ரகசியம் இதுதான்.

வில்லன் கேபிள்!

மெல்லிய சார்ஜிங் கேபிளுக்குள் இருக்கும் 28 கேஜ் கம்பிக்கு, ஒரு மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம் மின்தடை. போக ஒன்று, வர ஒன்று என இரண்டு கம்பிகள், மொத்தம் 0.42 ஓம். 1 ஆம்பியர் பாய்ந்தாலே 0.42 வோல்ட் கேபிளிலேயே கரைந்துவிடும். 5 வோல்ட்டில் கிளம்பிய மின்சாரம் 4.58 வோல்ட்டாகத்தான் போய்ச் சேரும்.

மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் பை எச்சரிக்கத் தொடங்கிவிடும். அப்படியென்றால், நல்ல சார்ஜர் இருந்தும் மோசமான கேபிளால் அது தடுமாறும். கேஜ் எண் குறைந்தால் கம்பி தடிமன் என்று பொருள். 24 கேஜ் அல்லது அதைவிடக் குறைந்த எண்ணுள்ள, நீளம் குறைவான கேபிளே நல்லது.

கண்டுபிடிப்பது எப்படி?

* திரையின் மூலையில் மின்னல் குறியோ, 'லோ வோல்டேஜ்' எச்சரிக்கையோ வருகிறதா என்று பாருங்கள். பை 2, பை 3 போர்டுகளில் சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரிந்தாலும் இதே பொருள்தான்.

* டெர்மினலில் 'விசிஜென்சிஎம்டி', ஓர் இடைவெளி, 'கெட்', கீழ்க்கோடு, 'த்ராட்டில்டு' என்ற கட்டளையை ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். பதிலின் கடைசியில் வெறும் 0 என்றால் பிரச்னை இல்லை. 50000 என்றால், ஆன் செய்த பிறகு எப்போதோ மின்னழுத்தம் குறைந்திருக்கிறது. 50005 என்றால், இந்த நொடியும் குறைவாகவே இருக்கிறது.

* கேமரா, ஹார்டு டிஸ்க், மோட்டார் என எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். பிறகு ஒவ்வொன்றாக இணையுங்கள். எதை இணைத்ததும் தடுமாறுகிறதோ, அதுதான் அதிகம் இழுக்கிறது. அதற்குத் தனி மின்சாரம் கொடுக்கும் யு.எஸ்.பி ஹப் வாங்கிக்கொள்ளலாம்.

* கேபிளை மட்டும் முதலில் மாற்றுங்கள். அப்போதும் சரியாகாவிட்டால் அடாப்டர். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் குற்றவாளி யாரென்று தெரியாது.

* பழைய மாடல்களில் அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால், உள்ளே இருக்கும் 'பாலிஃபியூஸ்' தடுத்துவிடும். அது பழைய நிலைக்குத் திரும்பச் சில மணி நேரம், சில சமயம் நாள்கணக்கில்கூட ஆகலாம். அதற்குள் 'செத்துவிட்டது' என்று முடிவுகட்ட வேண்டாம்.

எல்லா நேரமும் உங்கள் தப்பு இல்லை!

பை 4 வெளிவந்தபோது, அதன் சி டைப் போர்ட் வடிவமைப்பிலேயே ஒரு பிழை இருந்தது. உள்ளே சிப் வைத்த விலை உயர்ந்த கேபிளைச் செருகினால், சார்ஜர் பையை ஹெட்செட் போன்ற ஆடியோ கருவி என்று நினைத்து மின்சாரமே தராது! சாதாரண கேபிளில் ஜோராக ஓடியது. தயாரிப்பாளர்கள் பிழையை ஒப்புக்கொண்டு, பின்னர் வந்த போர்டுகளில் சரிசெய்தார்கள்.

அதைவிட வேடிக்கை, 2015-ல் வந்த பை 2. செனான் ஃபிளாஷ் உள்ள கேமராவால் அருகிலிருந்து படம் எடுத்தால் ரீஸ்டார்ட் ஆகிவிடும்! மின்சாரத்தைச் சீராக்கும் சிறிய சிப் மூடியில்லாமல் இருந்ததால், பளீர் வெளிச்சம் பட்டதும் குழம்பிப்போனது. ஒளி புகாத பசையை அந்த சிப் மீது ஒட்டியே பலரும் சமாளித்தார்கள்.

இதைச் செய்யாதீர்கள்

மின்னல் குறியை மறைக்கவும் ஒரு செட்டிங் இருக்கிறது. மறைத்தால் குறி போகும், குறை போகாது. மெமரி கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் தடுமாறினால், கார்டில் உள்ள ஃபைல்கள் சிதைந்துபோகலாம். ப்ளக்கைச் சட்டென்று பிடுங்கினாலும், கரன்ட் போனாலும் அதே ஆபத்துதான். கார்டை மாற்றிவிடலாம், அதில் இருந்த பாட்டியின் போட்டோக்களை எந்தக் கடையில் வாங்குவது?

அதனால் முறையாக ஷட் டவுன் செய்த பிறகே சுவிட்சை அணையுங்கள். முக்கியமானவற்றுக்கு வேறொரு இடத்தில் பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ரிச்சி தெருவுக்குப் போனால், போர்டுடன் அதற்குப் பரிந்துரைக்கப்பட்ட அடாப்டரையும் சேர்த்தே பில் போடச் சொல்லுங்கள்!