தோள்பட்டை வலியா? தைலத்தோடு நின்றுவிடாதீர்கள்!

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவனுக்கு நிலம் இல்லை, தோப்பு இல்லை. இரண்டு கைகள்தான் சொத்து. அந்தக் கைகளைத் தாங்கி நிற்பவை தோள்கள்.

புனே நகரின் கிழக்கே, முளா-முட்டா நதிக்கரையில் இருக்கிறது கராடி. ஒரு காலத்தில் கிராமமாக இருந்த இந்த இடத்தில் இன்று அண்ணாந்து பார்க்க வைக்கும் கம்ப்யூட்டர் கம்பெனிக் கட்டிடங்கள் நிற்கின்றன. சாரம் கட்டுகிறவர், சுவருக்கு வர்ணம் அடிக்கிறவர், 50 கிலோ சிமெண்டு மூட்டையைச் சுமக்கிறவர், நாளெல்லாம் மேஜை முன் குனிந்திருக்கும் குமாஸ்தா என்று எல்லோரையும் வாட்டும் வலி ஒன்று உண்டு. அதுதான் தோள்பட்டை வலி.

கை தலைக்கு மேல் எழவில்லை என்றால் பெயிண்டருக்கு அன்றைய கூலி போயிற்று. ஆனாலும் பலர் தைலம் தேய்ப்பார்கள். உப்பு ஒத்தடம் கொடுப்பார்கள். மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்குவார்கள். அப்படியே ஆறு மாதம் ஓடிவிடும். சில தோள் வலிகளுக்கு அந்த ஆறு மாதம்தான் எமன்!

மூன்று வகை

தோளில் முக்கியமாக மூன்று வகைக் கோளாறுகள் வருகின்றன.

முதலாவது, தோள் இறுகிப்போவது. இதற்கு "உறைந்த தோள்" என்று 1934-ல் பெயர் வைத்தவர் அமெரிக்க டாக்டர் எர்னஸ்ட் காட்மேன். 40 முதல் 60 வயதுக்காரர்களுக்கு, அதிலும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு, இது அதிகமாக வருகிறது. இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியாது. சட்டை மாட்டுவதும் தலை வாருவதும் பெரும்பாடு. ஒன்று முதல் மூன்று ஆண்டு வரை கூட இழுக்கும். பெரும்பாலோருக்கு ஆபரேஷன் தேவைப்படாது. முறையான பயிற்சியும், தேவைப்பட்டால் மூட்டுக்குள் போடும் ஊசியும் பலன் தரும். சர்க்கரையையும் கட்டுப்பாட்டில் வைக்க வேண்டும்.

இரண்டாவது, தசைநார் கிழிவது. தோள் மூட்டைச் சுற்றி நான்கு தசைகளின் நார்கள் உறை போலப் பிடித்திருக்கின்றன. கீழே விழுந்தாலோ, பாரத்தை வெடுக்கென்று இழுத்தாலோ, வயதாகித் தேய்ந்தாலோ அந்த நார் கிழியும்.

மூன்றாவது, மூட்டு நழுவுவது. உடம்பிலேயே மிக அதிகமாக நழுவும் பெரிய மூட்டு தோள்தான். இளம் வயதில் ஒரு முறை நழுவினால் மறுபடியும் நழுவும் வாய்ப்பு அதிகம்.

கண்டுபிடிப்பது எப்படி?

டாக்டர்கள் முதலில் செய்யும் சோதனை எளிமையானது. "நீங்களே கையைத் தூக்குங்கள்" என்பார்கள். பிறகு அவர்களே பிடித்துத் தூக்கிப் பார்ப்பார்கள். இறுகிய தோள் யார் தூக்கினாலும் எழாது. நார் கிழிந்திருந்தால், தானாக எழாத கை மற்றவர் தூக்கும்போது பெரும்பாலும் மேலே போகும்.

எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், நார் தெரியாது. "எக்ஸ்ரே எடுத்தாயிற்று, ஒன்றும் இல்லையாம்" என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. கிழிசலைக் காட்டுவது எம்.ஆர்.ஐ. அல்லது அல்ட்ரா சவுண்டு ஸ்கேன்.

கீழே விழுந்தபின் கை தூக்கவே முடியவில்லை என்றால் சில நாட்களுக்குள் எலும்பு மூட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். நாள் கடந்தால் கிழிந்த நார் உள்ளே சுருங்கிவிடும். தசை மெலிந்து கொழுப்பாகிவிடும். அதன் பிறகு தைத்தாலும் பழைய பலம் வருவது கடினம்.

எலும்பு முறிந்தால் ஆந்திராவில் உள்ள புத்தூருக்குப் போய்க் கட்டுப் போடுவது நம்மவர்கள் வழக்கம். ஆனால் கட்டினால் கிழிந்த நார் ஒட்டாது. இறுகிய தோளைக் கட்டி வைத்தால் இன்னும் இறுகும். நழுவிய மூட்டைத் தெரியாதவர் பிடித்து இழுத்தால் நரம்பு பாதிக்கப்படலாம், எலும்பும் முறியலாம்.

ரொட்டிக்காரரின் தோள்

1893-ல் பாரிஸ் நகரில் ரொட்டி சுடும் தொழிலாளி ஒருவரின் தோள் மூட்டைக் காசநோய் அரித்துவிட்டது. கையையே எடுத்துவிட வேண்டிய நிலை. "கை போனால் பிழைப்பு ஏது?" என்று நினைத்தாரோ என்னவோ, அவர் சம்மதிக்கவில்லை. டாக்டர் பியான் பிளாட்டினமும் ரப்பரும் கொண்டு செய்த செயற்கை மூட்டை அவருக்குப் பொருத்தினார். நோய்த் தொற்றினால் சுமார் இரண்டு ஆண்டுகளில் அதை எடுக்க நேர்ந்தது. ஆனாலும் செயற்கைத் தோளுக்கு அதுவே தொடக்கம்.

இன்று நார் தைக்க, தோளை அகலமாகக் கிழிக்க வேண்டியதில்லை. சிறு துளைகள் வழியே கேமராக் குழாயைச் செலுத்தித் தைக்கிறார்கள். இதற்கென்றே பயிற்சி பெற்ற தோள்பட்டை நிபுணர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் தழும்பு சிறிது என்பதால் ஓய்வும் சிறிது என்று எண்ணக் கூடாது. நான்கு முதல் ஆறு வாரம் கையைத் தூளியில் வைக்க வேண்டும். பாரம் தூக்க நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். ஆபரேஷனுக்குச் சம்மதிக்கும் முன்பே "எத்தனை மாதம் வேலைக்குப் போக முடியாது? பயிற்சிக்கு எத்தனை நாள் வர வேண்டும்? மொத்தச் செலவு எவ்வளவு?" என்று கேட்டுவிடுவது நல்லது. எல்லாக் கிழிசலுக்கும் ஆபரேஷன் வேண்டியதில்லை. பயிற்சியிலேயே தேறியவர்கள் பலர்.

செலவுக்கு வழி

புனே ரெயில் நிலையத்துக்கு அருகே அரசாங்கத்தின் சசூன் ஆஸ்பத்திரி இருக்கிறது. இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள தொழிலாளர்கள் அந்த அட்டையைப் பெட்டியில் பூட்டி வைக்கக் கூடாது. வேலையில் ஏற்பட்ட காயத்தால் தற்காலிகமாக வேலை செய்ய முடியாமல் போனால் சம்பளத்தில் 90 சதவீதம் பெற அந்தத் திட்டத்தில் வழி உண்டு. காயம் பட்ட அன்றே மேஸ்திரியிடமோ சூப்பர்வைசரிடமோ சொல்லி, விபத்துப் பதிவேட்டில் எழுதச் செய்ய வேண்டும். பின்னால் சாட்சி தேடி அலைவதைவிட அது மேல்.

ஓர் எச்சரிக்கை: எல்லாத் தோள் வலியும் தோளில் பிறந்தது அல்ல. கழுத்து நரம்பு நசுங்கினாலும் தோள் வலிக்கும். இடது தோளில் வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் மூச்சுத் திணறலும் சேர்ந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். தைலப் புட்டியைத் தேடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

தைலம் தேய்க்கலாம், தப்பில்லை. ஆனால் இரண்டு வாரம் ஆகியும் வலி விடவில்லை, கை எழவில்லை என்றால் ஒரு நாள் கூலியை விட்டாவது டாக்டரிடம் தோளைக் காட்டிவிட வேண்டும். அந்த ஒரு நாள் கூலிக்குத் தயங்கினால், பிறகு பல மாதக் கூலியை இழக்க நேரிடும்.