அழுத்தம் தணிய வழிவிடுவோம்

பொதுத்தேர்வுக்கு முந்தைய நாள் படபடப்புடன் இருக்கும் மாணவரையும், பல வாரங்களாக எதிலும் நாட்டமின்றி, உணவும் உறக்கமும் குலைந்து ஒடுங்கிக் கிடக்கும் மாணவரையும் ‘மன அழுத்தம்’ என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுகிறோம். முதலாவது, உடலின் இயல்பான எதிர்வினை. இரண்டாவது, மருத்துவ உதவி தேவைப்படும் மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். இவ்விரண்டையும் பிரித்தறியாததால், இயல்பான படபடப்பைக் கண்டு அஞ்சுகிறோம். உடனே கவனிக்க வேண்டிய நோயையோ, ‘இந்த வயதில் உனக்கென்ன கவலை’ என்று கடந்துவிடுகிறோம்.

அழுத்தம் மனத்தை மட்டும் சார்ந்ததன்று. ஆபத்தையோ சவாலையோ உணர்ந்தவுடன் மூளை எச்சரிக்கை விடுக்கிறது. சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரீனல் சுரப்பிகள் அட்ரீனலின், கார்டிசால் ஆகிய ஹார்மோன்களைச் சுரக்கின்றன. இதயத் துடிப்பு கூடுகிறது, ரத்தத்தில் சர்க்கரை உயர்கிறது, செரிமானம் மந்தமாகிறது. எதிர்த்து நிற்கவோ தப்பி ஓடவோ உடல் ஆயத்தமாகிறது. தேர்வு நாளில் வயிறு கலங்குவதும் உள்ளங்கை வியர்ப்பதும் கோழைத்தனத்தின் அடையாளங்கள் அல்ல. உடல் தன் கடமையைச் செய்வதன் அடையாளங்கள்.

அளவான அழுத்தம் நன்மையும் செய்கிறது. கவனத்தைக் கூர்மையாக்கி, தள்ளிப்போட்ட வேலையை முடிக்கச் செய்வதும் அதுவே. ஆனால், சவால் நீங்கியதும் உடல் இயல்பு நிலைக்குத் திரும்ப வேண்டும். அழுத்தம் குறித்த ஆய்வுகளின் முன்னோடியான ஹான்ஸ் செல்யே, 1936-இல் விலங்குகளைக் கொண்டு நடத்திய ஆய்வுகளில் இதைக் கண்டறிந்தார். தொடர் பாதிப்புக்கு உள்ளாகும் உடல் முதலில் எச்சரிக்கை கொள்கிறது, பின்னர் தாக்குப்பிடிக்கிறது, ஓய்வே கிடைக்காவிட்டால் இறுதியில் தளர்ந்துவிடுகிறது. ஆகவே, கேடு விளைவிப்பது அழுத்தம் வருவதன்று. அது தணியாமல் நீடிப்பதுதான்.

இளம் வயதினருக்கு இந்தச் சுமை கூடுதலாக இருப்பதற்கு மூளை வளர்ச்சியும் ஒரு காரணம். அச்சம், கோபம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புடைய பகுதிகள் வளரிளம் பருவத்தில் வேகமாகச் செயல்படுகின்றன. அவற்றை நெறிப்படுத்தி, விளைவுகளை எடைபோடும் முன்மூளைப் பகுதி முதிர்ச்சியடைய ஏறத்தாழ 25 வயதாகிறது. அதனால்தான், பெரியவர்களுக்குச் சிறிதாகத் தோன்றும் ஓர் அவமானம் பதினாறு வயதினருக்கு உலகமே முடிந்துவிட்டதைப் போலத் தோன்றுகிறது. கார்டிசால் வெகுவாக உயரும்போது, நினைவிலிருந்து செய்திகளை மீட்டெடுக்கும் ஆற்றலும் தடைபடுகிறது. நன்கு படித்த மாணவர் தேர்வறையில் ‘எல்லாம் மறந்துவிட்டது’ என்று தவிப்பது சாக்குப்போக்கு அன்று.

அழுத்தம் தணிவதற்கு இயற்கை வகுத்துள்ள வழிகள் உறக்கம், உடலுழைப்பு, மனம்விட்டுப் பேசுதல் ஆகியவை. நாமோ, தேர்வு என்றதும் முதலில் இவற்றைத்தான் பறிக்கிறோம். விடியலில் சிறப்பு வகுப்பு, மாலையில் தனிப்பயிற்சி, இரவில் வீட்டுப்பாடம் என நாள் நீள்கிறது. விளையாட்டுப் பாடவேளை கணிதத்துக்குப் போய்விடுகிறது. வளரிளம் பருவத்தில் உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் இரவில் தாமதமாகவே சுரக்கிறது. எனவே, அதிகாலையில் எழ இயலாமையைச் சோம்பல் என்று மட்டும் கூறிவிட முடியாது. 13 முதல் 18 வயது வரையிலானோருக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என்பது மருத்துவர்களின் பரிந்துரை. கிடைக்கும் சில மணி நேர ஓய்வையும் கைப்பேசி விழுங்கிவிடுகிறது. பிறருடன் ஒப்பிட்டு வருந்தும் பழக்கத்தையும் அது வளர்க்கிறது.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டனர். எந்த ஒரு மரணத்துக்கும் ஒற்றைக் காரணம் கூறிவிட முடியாது. எனினும், இத்தனை பேரில் எத்தனை பேருக்குத் தம் துயரைச் சொல்ல ஒருவர் கிடைத்திருப்பார் என்ற கேள்வியைத் தவிர்க்க இயலாது.

தமிழ்நாட்டில் பொதுத்தேர்வுகளில் மாநிலத் தரவரிசை வெளியிடும் முறை 2017-இல் கைவிடப்பட்டது. வரவேற்கத்தக்க முடிவு அது. ஆனால், மதிப்பெண்ணும் புகைப்படமும் தாங்கிய விளம்பரப் பதாகைகள் அதன் பயனைக் குறைக்கின்றன. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவரேனும் இருக்க வேண்டும் என்றும், மதிப்பெண் அடிப்படையில் மாணவர்களைப் பிரித்து வைப்பதைத் தவிர்க்க வேண்டும் என்றும் உச்சநீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டுதல் வழங்கியது. இவை ஏட்டளவில் நின்றுவிடாமல் கண்காணிப்பது அரசின் கடமை.

வீட்டில் செய்யக்கூடியவையும் உண்டு. தேர்வுக் காலத்திலும் உறக்கத்தையும் ஒரு மணி நேர விளையாட்டையும் குறைக்கக் கூடாது. ‘எவ்வளவு மதிப்பெண்’ என்று கேட்பதற்கு முன் ‘எப்படி இருக்கிறாய்’ என்று கேட்க வேண்டும். தோல்வியுற்றால் அதே ஆண்டில் துணைத்தேர்வு எழுதலாம் என்பதை, முடிவு வருவதற்கு முன்பே பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும். இரண்டு வாரங்களுக்கு மேலாகச் சோர்வும் ஒதுங்கியிருத்தலும் நீடித்தால் மருத்துவரை நாடத் தயங்கக் கூடாது. வாழ்வே வேண்டாம் என்ற பேச்சு ஒருமுறை எழுந்தாலும், அதை மிரட்டலாகக் கருதாமல் அன்றே உதவி பெற வேண்டும். 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் 24 மணி நேரமும் மனநல ஆலோசனை பெறலாம்.

வில்லின் நாணை எப்போதும் இழுத்துக் கட்டியே வைத்திருந்தால் வில் வலுவிழந்துவிடும். வேலை முடிந்ததும் நாணைத் தளர்த்தி வைப்பதும் வில்லாளி கற்க வேண்டிய பாடமே. பிள்ளைகளுக்குப் போராடக் கற்றுத் தருகிறோம். இளைப்பாறவும் கற்றுத் தருவோம்.