லிமரிக் ஏன் 45 ஆண்டுகள் காத்திருந்தது?

1994ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் க்ரோக் பார்க் திடல் நிரம்பி வழிகிறது. ஹர்லிங் ஆட்டத்தின் அகில அயர்லாந்து இறுதிப் போட்டி நடந்துகொண்டிருக்கிறது. லிமரிக் அணி ஐந்து புள்ளிகள் முன்னால் நிற்கிறது. ஆட்டம் முடிய இன்னும் ஏறத்தாழ ஐந்து நிமிடங்களே உள்ளன. 1973க்குப் பிறகு கோப்பையைத் தொடாத அணி அது. இனி வெற்றி கைக்கெட்டிய தூரம்தான் என்று ரசிகர்கள் நினைக்கிறார்கள். அப்போது எதிரணியான ஆஃபாலிக்குத் தடையில்லா அடி ஒன்று கிடைக்கிறது. பந்து வலைக்குள் பாய்கிறது. உடனே இன்னொரு கோல். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து புள்ளிகள். லிமரிக் ஆறு புள்ளிகள் வித்தியாசத்தில் தோற்றுப்போகிறது.

ஹர்லிங் என்பது என்ன என்று நீங்கள் கேட்கலாம். ஆஷ் மரத்தால் செய்த, நுனி அகன்ற மட்டையால் சிறிய தோல் பந்தை அடித்து ஆடும் பழமையான ஐரிஷ் விளையாட்டு அது. அணிக்குப் பதினைந்து பேர். கோல் கம்பங்கள் ஆங்கில எழுத்தான எச் வடிவில் இருக்கும். குறுக்குச் சட்டத்துக்குக் கீழே பந்து சென்றால் கோல். அதற்கு மூன்று புள்ளிகள். சட்டத்துக்கு மேலே, இரு கம்பங்களுக்கு நடுவே சென்றால் ஒரு புள்ளி. 1884இல் தொடங்கிய கேலிக் விளையாட்டுக் கழகம் இதை நடத்துகிறது. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஆசிரியர்கள், மாணவர்கள், விவசாயிகள் எனத் தத்தம் வேலையைப் பார்த்துக்கொண்டே மாலையில் பயிற்சி செய்கிறவர்கள் அவர்கள். எந்த கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், பிறந்தார்களோ பெரும்பாலும் அதற்கே ஆடுவார்கள். ஆகவே தோல்வி என்பது ஏதோ ஒரு குழுவின் தோல்வி அன்று. அடுத்த வீட்டுப் பையனின் தோல்வி.

லிமரிக்கின் கதை 1994உடன் முடியவில்லை. 1996இல் மீண்டும் இறுதிப் போட்டி. எதிரணியான வெக்ஸ்ஃபோர்டில் ஒருவர் இடைவேளைக்கு முன்பே வெளியேற்றப்பட்டார். பதினான்கு பேரை எதிர்த்து ஆடியும் லிமரிக் இரண்டு புள்ளிகளில் தோற்றது. 2000, 2001, 2002 ஆகிய மூன்று ஆண்டுகளும் 21 வயதுக்குட்பட்டோர் பட்டம் லிமரிக்குக்கே. நாட்டிலேயே சிறந்த இளைஞர்கள் இருக்கிறார்கள், இனி நம் காலம் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தக் காலம் வரவில்லை. 2007இல் இறுதிப் போட்டி வரை சென்று கில்கென்னியிடம் தோற்றதோடு சரி.

இப்படிப்பட்ட நேரத்தில் ரசிகர்கள் என்ன சொல்வார்கள்? "திறமை இருக்கிறது, நெஞ்சுரம் இல்லை" என்பார்கள். உலகெங்கும் இதே தீர்ப்புதான். சம்பளம் வாங்காமல் ஆடும் இருபது வயது இளைஞனைக் கோழை என்று சொல்வது பெரிய குற்றச்சாட்டு. அதைச் சொல்வதற்கு முன் ஒரு சிறு கணக்காவது போட்டுப் பார்க்க வேண்டாமா?

ஆய்வகத்தில் தனி ஊசலின் அலைவு நேரத்தை எப்படி அளக்கிறீர்கள்? ஓர் அலைவை ஒரே ஒரு முறை அளந்து விடையை எழுதினால் ஆசிரியர் ஏற்பாரா? இருபது அலைவுகளின் நேரத்தை அளந்து, அதையும் இரண்டு மூன்று முறை செய்து, சராசரி எடுக்கச் சொல்வார். ஒற்றை அளவீட்டில் தற்செயல் பிழை மிகுதி என்பதே காரணம். ஓர் இறுதிப் போட்டியும் ஒற்றை அளவீடுதான். அதை வைத்து ஓர் அணியின் தரத்தை முடிவு செய்வது, ஒரே ஓர் அலைவை அளந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்பது போன்றது.

ஹர்லிங்கில் இந்தத் தற்செயல் பிழை எவ்வளவு இருக்கும்? முதலில் ஓர் அடியைப் பார்ப்போம். கோல் கம்பங்களுக்கிடையே 6.5 மீட்டர் இடைவெளி. நேர் எதிரே 65 மீட்டர் தொலைவிலிருந்து அடித்தால், நடுக்கோட்டிலிருந்து எந்தப் பக்கமும் 3.25 மீட்டர் வரை விலகலாம். 3.25ஐ 65ஆல் வகுத்தால் 0.05 ரேடியன், அதாவது ஏறத்தாழ 3 பாகை. கடிகார முகப்பில் அடுத்தடுத்த இரு நிமிடக் கோடுகளுக்கிடையே உள்ள கோணம் 6 பாகை. அதில் பாதி விலகினால் புள்ளி போயிற்று! ஓடிக்கொண்டே, எதிராளியின் மட்டை குறுக்கே வர, காற்றும் வீசும்போது அடிக்கும் அடி இது. மிகச் சிறந்த வீரனுக்கும் சில அடிகள் தவறத்தான் செய்யும்.

இப்போது ஒரு மாதிரிக் கணக்கு. கோல்களை ஒதுக்கிவிட்டு எளிமைக்காக இப்படிக் கொள்வோம்: இரு அணிகளும் ஆளுக்கு 40 முறை குறிபார்த்து அடிக்கின்றன. வலிய அணி நூற்றுக்கு 65 அடிகளையும், மற்ற அணி நூற்றுக்கு 60 அடிகளையும் புள்ளியாக்குகின்றன. சராசரியாக வலிய அணி 26 புள்ளியும் எளிய அணி 24 புள்ளியும் எடுக்கும். ஆனால் சராசரி வேறு, ஒரு நாள் ஆட்டம் வேறு. ஈருறுப்புப் பரவலின் திட்ட விலக்கச் சூத்திரம் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அதைப் பயன்படுத்தினால், இரு அணிகளின் புள்ளி வேறுபாட்டின் திட்ட விலக்கம் 4.3 என்று வருகிறது. அதாவது சராசரி வேறுபாடு 2. அதன் ஊசலாட்டமோ அதைப்போல் இரு மடங்கு! கணக்கை முடித்தால், நூறு ஆட்டங்களில் வலிய அணி ஏறத்தாழ 64இல் வெல்லும், 8 சமனாகும், 28இல் தோற்கும். நெஞ்சுரம் என்ற சொல் இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சமனான ஆட்டங்களைப் பங்கிட்டுவிட்டு, வலிய அணி பத்துக்கு ஏழு ஆட்டங்களில் வெல்லும் என்று தோராயமாக வைத்துக்கொள்வோம். 1996 வரை ஒரு தோல்வி என்றால் அந்த ஆண்டுக்கு அவ்வளவுதான். கோப்பைக்கு நான்கு ஆட்டங்களைத் தொடர்ந்து வெல்ல வேண்டும் என்றால், 0.7ஐ நான்கு முறை பெருக்க வேண்டும். விடை 0.24. நாட்டிலேயே சிறந்த அணியாக இருந்தும் நான்கு ஆண்டுகளில் ஒரு முறைதான் கோப்பை! அந்த அணி தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வெறுங்கையோடு திரும்பும் நிகழ்தகவு, 0.76ஐ ஐந்து முறை பெருக்கினால் வருவது: ஏறத்தாழ 0.25. ஐந்து ஆண்டு ஏமாற்றம் ஒன்றும் அதிசயம் அன்று.

அந்த மூன்று இளையோர் பட்டங்களின் கதை? அதற்கு ஃபிரான்சிஸ் கால்ட்டன் 1886இல் எழுதியதை நினைவுகொள்ளலாம். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் பெரும்பாலும் உயரமாகவே இருந்தாலும், சராசரியை நோக்கிச் சற்று இறங்கி வருவதை அவர் கண்டார். எந்த உச்சமும் திறமையும் நல்வாய்ப்பும் சேர்ந்து அமைந்தது. அடுத்த முறை திறமை கூடவே வரும். நல்வாய்ப்பு வரவேண்டிய கட்டாயம் இல்லை. மேலும் எதிரே யார் நின்றார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2000 முதல் 2015 வரையிலான 16 ஆண்டுகளில் 11 கோப்பைகளைக் கில்கென்னியே எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்த ஐந்தைத்தான் மற்ற எல்லாக் கவுண்டிகளும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆனால் எல்லாவற்றையும் தற்செயலின் தலையில் கட்டிவிட முடியுமா? முடியாது. இங்கேதான் கணக்கு நம்மை எச்சரிக்கிறது. பத்துச் சம வலிமையுள்ள அணிகள் போட்டியிட்டால், குறிப்பிட்ட ஓர் அணி 1974 முதல் 2017 வரை 44 ஆண்டுகள் கோப்பையே பெறாதிருக்கும் நிகழ்தகவு நூற்றில் ஒன்றுதான். எனவே லிமரிக்கின் நீண்ட வறட்சிக்கு வேறு காரணமும் இருந்திருக்க வேண்டும். ரசிகர்களின் எரிச்சல் முழுவதும் ஆதாரமற்றது அன்று.

இன்னொரு சான்று 2025ஆம் ஆண்டு இறுதிப் போட்டி. 2005க்குப் பின் கோப்பை பெறாத கார்க் அணி, டிப்பரரியை எதிர்த்து இடைவேளையின்போது ஆறு புள்ளிகள் முன்னால் இருந்தது. இரண்டாம் பாதி முழுவதிலும் அது எடுத்தவை இரண்டே புள்ளிகள். பதினைந்து புள்ளிகள் வித்தியாசத்தில் தோற்றது. நம் மாதிரிக் கணக்கில், அரை ஆட்டத்தின் 20 அடிகளில் இரண்டுக்கு மேல் தேறாமல் போகும் வாய்ப்பு இரண்டு இலட்சத்தில் ஒன்று. அப்படியானால் மாதிரியில் ஏதோ பிழை. எங்கே? ஒவ்வோர் அடியும் முந்தைய அடியைச் சாராதது என்று கொண்டோம். நாணயத்துக்கு நினைவு கிடையாது, மனிதனுக்கு உண்டு. அன்று கார்க் வீரர் ஒருவர் வெளியேற்றப்பட்டார், அவர்களுடைய பெனால்டி அடி ஒன்று தடுக்கப்பட்டது. ஒரு தவறு அடுத்ததைப் பாதிக்க, அது அதற்கடுத்ததைப் பாதிக்கிறது. ஒலிபெருக்கியின் ஓசை மறுபடியும் ஒலிவாங்கிக்குள் புகுந்து வீரிடுமே, அதே வகை.

நன்கு பழகிய செயலை மூளை தானாகவே நடத்துகிறது. பதற்றத்தில் 'மட்டையை எப்படிப் பிடித்தேன், தோளை எப்படித் திருப்பினேன்' என்று கவனிக்கத் தொடங்கினால் அந்த ஓட்டம் குலைகிறது. சயான் பைலாக், தாமஸ் கார் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் கோல்ஃப் பந்தைக் குழியில் தள்ளும் சோதனைகளைச் செய்து இதனை 2001இல் விளக்கினர். பயிற்சியின்போதே பிறர் கவனிப்பதற்குப் பழகியவர்கள் நெருக்கடியில் அவ்வளவாகத் தடுமாறவில்லை என்பதும் அவர்கள் கண்டதே. ஆகவே நெஞ்சுரம் என்பது பிறவியில் வருவதோ வராமல் போவதோ அன்று. பெரும்பகுதி பழக்கம்.

ரசிகனின் வேதனைக்கும் ஒரு கணக்கு உண்டு. 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில் பதக்கம் பெற்றவர்களின் முகங்களை ஆராய்ந்து 1995இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. வெள்ளி பெற்றவர்களைவிட வெண்கலம் பெற்றவர்களே அதிக மகிழ்ச்சியாகத் தெரிந்தார்களாம்! வெள்ளிக்காரர் தங்கத்தை எண்ணிப் பெருமூச்சு விடுகிறார். வெண்கலக்காரரோ பதக்கமே கிடைக்காமல் போயிருக்கக் கூடுமே என்று நினைத்து மகிழ்கிறார். மூளையிலும் இதற்கு ஒத்த ஒன்று உண்டு. எதிர்பார்த்த பரிசு வராதபோது, டோபமைனைச் சுரக்கும் நரம்பணுக்களின் துடிப்பு இயல்பு நிலைக்கும் கீழே இறங்குகிறது என்பதை உல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளில் கண்டறிந்தார். எதிர்பார்ப்பே இல்லையென்றால் இறக்கமும் இல்லை. முதல் சுற்றிலேயே தோற்கும் அணியின் ரசிகர் லிமரிக்காரரைப்போல் துன்புறாததன் காரணம் இதுதான் போலும்.

பிறகு லிமரிக்கில் என்ன நடந்தது? அடித்தளத்தில் வேலை தொடங்கியது. சிறுவர்களைத் தேர்ந்து பல ஆண்டுகள் வளர்க்கும் பயிற்சிக்கூடம் அமைந்தது. 2015, 2017 ஆண்டுகளில் மீண்டும் 21 வயதுக்குட்பட்டோர் பட்டங்கள் வந்தன. பள்ளித் தலைமையாசிரியரான ஜான் கீலி மேலாளரானார். கரோலைன் கரிட் என்ற விளையாட்டு உளவியலாளரும் குழுவில் இருந்தார். போட்டியின் அமைப்பும் மாறியது: 2018இல் மாகாணச் சுற்றில் அணிகள் ஒன்றோடொன்று மோதும் சுழல்முறை வந்தது. அந்த ஆண்டு அச்சுற்றில் லிமரிக் கிளேர் அணியிடம் தோற்றது. 1996 வரை இருந்த பழைய முறையாக இருந்தால் அன்றே மூட்டை கட்டியிருப்பார்கள். அளவீடுகளின் எண்ணிக்கை கூடியது அவர்களைக் காப்பாற்றியது.

அந்த ஆண்டின் இறுதிப் போட்டியில் கால்வேயை எதிர்த்து, முடியும் தறுவாயில், லிமரிக் எட்டுப் புள்ளிகள் முன்னால் இருந்தது. மறுபடியும் எதிரணி இரண்டு கோல்கள் அடித்தது. வித்தியாசம் ஒரே புள்ளி. திடலில் இருந்த மூத்த லிமரிக் ரசிகர்கள் எல்லோருக்கும் 1994 நினைவுக்கு வந்திருக்கும். கடைசி அடி கால்வேயின் ஜோ கானிங்குக்கு. வெகுதொலைவிலிருந்து அவர் அடித்த பந்து கோலுக்கு முன்னால் தாழ்ந்து விழ, லிமரிக் வீரர்கள் அதை வெளியே அடித்துவிட்டார்கள். 45 ஆண்டுகளுக்குப் பின் கோப்பை வந்தது. 2020 முதல் 2023 வரை அடுத்தடுத்து இன்னும் நான்கு கோப்பைகளும் வந்தன. அந்தக் கடைசிப் பந்து சில மீட்டர் கூடுதலாகப் பறந்து சட்டத்தைத் தாண்டியிருந்தால் ஆட்டம் சமனாகியிருக்கும். மறு ஆட்டத்தில் தோற்றிருந்தால் அதே பதினைந்து பேரைப் பற்றி அன்றிரவு ஊரில் என்ன பேசியிருப்பார்கள் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.