புகையிரதத்தின் பொன்னாண்டு 1830

உலக சரித்திரத்தில் சில ஆண்டுகள் போரினாற் பெயர் பெற்றவை. சில முடிசூட்டு விழாக்களாற் பெயர் பெற்றவை. புகையிரதத்தினாற் பெயர் பெற்ற ஆண்டு எதுவென்று வினவின், 1830 என்றே விடை கூறலாம்.

அக்காலத்தில் இங்கிலாந்தின் மஞ்செஸ்டர் நகரம் பஞ்சாலைகளுக்குப் பேர்போனது. ஆலைகளுக்கு வேண்டிய பஞ்சு லிவர்பூல் துறைமுகத்தில் வந்திறங்கியது. இடைத்தூரம் 31 மைல் மாத்திரமே. ஆயினும் கால்வாய் வழியே பொதிகள் வந்து சேர்வதில் தாமதம் மிகுதி; கூலியும் மிகுதி. ஆகவே வணிகர்கள் இருப்புப்பாதை அமைக்கத் துணிந்தனர். 1825இல் அனுமதி மறுத்த பாராளுமன்றம் 1826இல் இசைந்தது.

வேலையைப் பொறுப்பேற்றவர் ஜோர்ஜ் ஸ்டீவன்சன். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மைந்தர். பதினெட்டாம் வயதிலேதான் எழுத்து வாசிப்புக் கற்றவர். வழியிற் கிடந்த சாட் மொஸ் என்னும் சதுப்பு நிலம், கொட்டிய மண்ணையெல்லாம் விழுங்கியது. ஸ்டீவன்சன் மனந்தளரவில்லை. மரக்கிளைகளையும் புதர்ச்செடிகளையும் பாய்போலப் பரப்பி, அவற்றின்மேல் பாதையை மிதக்கவைத்தார்!

1830 செப்ரெம்பர் 15ஆந் திகதி திறப்பு விழா. எட்டுப் புகையிரதங்கள் லிவர்பூலிலிருந்து புறப்பட்டன. பிரதம மந்திரி வெலிங்டன் கோமகனின் வண்டித்தொடர் ஒரு பாதையிலும், ஏனைய ஏழும் மற்றப் பாதையிலும் சென்றன. எஞ்சின்கள் தண்ணீர் ஏற்றுவதற்காகப் பார்க்சைட் என்னுமிடத்தில் நின்றபோது, பிரமுகர் பலர் இறங்கித் தண்டவாளங்களின் நடுவே உலாவலாயினர். லிவர்பூலின் பாராளுமன்ற அங்கத்தவரான வில்லியம் ஹஸ்கிசனும் அவர்களுள் ஒருவர். கோமகனோடு தமக்கிருந்த பழைய மனத்தாங்கலைத் தீர்க்க விரும்பிய அவர், கோமகனின் வண்டியை அணுகினார்.

அவ்வேளையில் மற்றப் பாதையில் ‘றொக்கற்’ எஞ்சின் விரைந்து வந்தது. ஏனையோர் விலகினர். ஹஸ்கிசன் தடுமாறி வண்டிக் கதவைப் பற்றினார். கதவு திறந்து அவரைப் பாதைக்கு நேராகக் கொண்டுசென்றது. விழுந்தவரின் காலை எஞ்சின் நசுக்கிற்று. ஸ்டீவன்சன் தாமே ‘நோதம்பிரியன்’ எஞ்சினைச் செலுத்தி, ஏறத்தாழ 15 மைலை 25 நிமிடத்திற் கடந்து, அவரை எக்கிள்ஸ் என்னும் ஊருக்குக் கொண்டுசென்றார். அவரைச் சாய்த்ததும் நீராவி. காக்க விரைந்ததும் நீராவி. எனினும் அன்றிரவே அவர் உயிர் பிரிந்தது.

துயரச் செய்தியோடு எஞ்சினின் வேகமும் எங்கும் பரவியது. சரக்கையே பெரிதும் நம்பி அமைத்த பாதைக்குப் பிரயாணிகள் திரண்டு வந்தனர். நவம்பர் 11ஆந் திகதி தபாலும் புகையிரதமேறிற்று. இரு நகரங்களுக்கும் இடையே ஓடிய குதிரை வண்டிகளோ சில ஆண்டுகளிற் பெரும்பாலும் மறைந்தன. அவற்றை நம்பிப் பிழைத்தோர் வேறு தொழில் தேட நேர்ந்தது.

அமெரிக்காவிலும் அவ்வாண்டே எஞ்சின் ஓசை எழுந்தது. பீற்றர் கூப்பர் அமைத்த ‘டொம் தம்ப்’ என்னும் சிறு எஞ்சின் குதிரையோடு பந்தயம் ஓடியதென்றும், பட்டி நழுவியமையாற் குதிரையே வென்றதென்றும் கூறுவர். டிசம்பர் 25ஆந் திகதி சார்ள்ஸ்டன் நகரில் ‘பெஸ்ட் பிரெண்ட்’ என்னும் எஞ்சின் பிரயாணிகளை ஏற்றி ஓடத் தொடங்கிற்று. அடுத்த ஆண்டே அதன் கொதிகலன் வெடித்தது. நீராவியின் இரைச்சலைப் பொறாத தொழிலாளி ஒருவர் காப்பு வால்வை அடைத்ததே காரணம், அவரும் உயிரிழந்தார்.

குதிரையின் வேகத்தையே கண்டு பழகிய கண்களுக்கு எஞ்சினின் வேகத்தை மதிப்பிடத் தெரியவில்லை. லிவர்பூல் பாதை நெடுகக் காவலர் நின்று கைச்சைகை காட்டினர். கைகாட்டி மரங்களும் தானியங்கித் தடுப்புகளும் பின்னரே வந்தன. மாணவர்களே, “தண்டவாளத்தைக் கடவாதீர்” என்னும் அறிவித்தலைப் புகையிரத நிலையத்திற் காணும்போது அதனை அலட்சியஞ் செய்யாதீர்கள். அச்சிறு வாக்கியத்தின் பின்னே மனித உயிர்கள் கொடுத்த விலை இருக்கின்றது.